தண்ணீர் தெளிக்கும் முன்பே நடுங்கிய கிடா

ஞானசிகாமணி எங்கள் ஊர் சானிட்டரி இன்ஸ்பெக்டர். அறுக்க வரும் ஆட்டை உயிரோடு ஒரு தரமும் தோலுரித்த பின் ஒரு தரமும் பார்த்து, நோயில்லை என்றால் தொடையில் நீல முத்திரை குத்த வேண்டியது அவர் வேலை. ஞாயிறுதான் கறி நாள், ஆராதனையும் அன்றுதான். மனுஷன் என்ன செய்வார் பாவம், முத்திரையைக் கறிக்கடை ராக்கையாவிடமே கொடுத்துவிட்டு சர்ச்சுக்குப் போய்விடுவார். ராக்கையாவும் தன் ஆடுகளைத் தானே சோதித்து, ஒன்றைக்கூடத் தள்ளாமல் பாஸ் போட்டார்.

எழுபத்து நாலில், ஞானசிகாமணி பண்ணைப்புரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழாவுக்குக் கிணற்றில் குளோரின் போடப் போனார். அங்கே கர்ணன் என்பவர் வீட்டுக் கிடாவெட்டு. மஞ்சள் தண்ணீர் தெளித்து, கிடா உடம்பைச் சிலிர்த்தால் அம்மன் உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். கர்ணனின் கிடா, செம்பைத் தூக்கும் முன்பே நடுங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள்.

ஞானசிகாமணி கிடாவின் காதைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது. முந்தின நாள் அதே ஆட்டுக் கொட்டத்தில் ஓர் ஆடு திடீரென்று செத்திருந்தது. இது அடைப்பான், ஆட்டிலிருந்து ஆளுக்கும் தொற்றுகிற நோய், வெட்டுகிறவனும் பிழைக்க மாட்டான், தின்கிறவர்களும் படுப்பார்கள் என்றார்.

"ஆத்தாளே உத்தரவு குடுத்தாச்சு. நீங்க யாரு சார் தடுக்க?" என்றார் கர்ணன். அரிவாள் ஓங்கியாயிற்று.

"மனு குடுக்காம எந்த ஆபீசுலயாவது உத்தரவு வந்திருக்காய்யா? தண்ணி தெளிக்கிறதுதான் மனு. நீங்க இன்னும் தெளிக்கவே இல்ல. இந்த உத்தரவு செல்லாது" என்றார் ஞானசிகாமணி.

கூட்டத்தில் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்காதவர் யாருமில்லை. நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். அரிவாள் இறங்கியது. மதியத்துக்குள் கிடா தானே செத்தது; சுண்ணாம்பு கொட்டி ஆழமாகப் புதைத்தார்கள். நோயைப் பற்றி அவர் சொன்னது ஒருவருக்கும் நினைவில்லை. மனு கொடுக்காமல் நடுங்கும் கிடா ஆகாது என்பது மட்டும் பள்ளத்தாக்கு முழுக்க, எங்கள் ஊர்வரை பரவியது.

அடுத்த ஞாயிறு அவர் மனைவி சொர்ணலதா ராக்கையா கடையில் நின்றார். முத்திரையை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"அண்ணே, இது தண்ணிக்கு முன்ன நடுங்குச்சா, பின்ன நடுங்குச்சா?"

சொர்ணலதா வெறும் பையோடு திரும்பினார். வீட்டில் அன்று கத்தரிக்காய்க் குழம்பு.

கறி எங்கே என்று கேட்ட கணவரிடம், "உங்க முத்திரைய நம்பி எப்படி வாங்குறது?" என்றார் சொர்ணலதா.

ஞானசிகாமணி பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். அவமானம் பிடுங்கித் தின்ன, எழுந்து கடைக்குப் போய் முத்திரையைத் திருப்பிக் கேட்டார்.

ராக்கையா பதறிப்போனார்.

"ஏன் சார், இனிமே ஆட்டப் பாக்கவா போறீக?"