அப்பா வாங்கிய மூன்று ஃபில்டர்கள்

விலை கூடின ஃபில்டர் வாங்கினால் காபி ருசிக்குமா என்று எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி பட்டிமன்றம் நடக்கும். சாதாரண எவர்சில்வரே போதும் என்று ஒரு கட்சி, கொடுக்கிற காசு வீண் போகாது என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு நான் நழுவிவிடுவேன். பத்து வயதிலேயே அந்தக் கேள்வியைக் குழப்பி வைத்தவள் நான்.

அப்போது எங்கள் வீடு திருவொற்றியூரில், கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலைக்குப் பின்னால், மூன்றாவது மாடி. அந்த வருஷம் அம்மா கோபித்துக்கொண்டு மாத்தூரில் இருந்த பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் பள்ளி விட்டு வந்து தனியாகப் பூட்டைத் திறக்கும் எனக்கு அது சிங்கப்பூரைவிடத் தூரம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ஆறு மணிக்கு மேல்தான் வருவார். அதுவரை பாடத்தைச் சத்தம் போட்டுப் படிப்பேன், வீட்டில் ஒரு குரலாவது கேட்கட்டும் என்று.

அம்மா காபிப் பைத்தியம். போகும்போது தன் ஃபில்டரையும் கையோடு எடுத்துப் போயிருந்தாள். இரண்டாவது வாரம் அப்பா ஒரு எவர்சில்வர் ஃபில்டரோடு வந்தார். அடுக்களைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனிதர், போனில் வீடியோ பார்த்துப் பார்த்து டிகாஷன் இறக்கினார். ஒரு வாய் குடித்துவிட்டு, "பரவால்ல போலகீது பாப்பா," என்றார்.

சாப்பாடு கல்மண்டபத்தில் இருந்த அத்தை கொடுத்தனுப்பினாள். துணியை மெஷின் துவைத்தது. காபியும் கைவந்துவிட்டால் அப்பா எதற்கு அம்மாவைக் கூப்பிடப் போகிறார்? அந்தக் காபியை எப்படியாவது கெடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

காபிக்கு வெந்நீர் வைப்பது என் வேலை. எங்கள் தெருவில் குழாயில் வரும் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். பாத்திரம் கழுவத்தான் ஆகும். குடிக்க, சமைக்க எல்லாம் கேன் தண்ணீர்தான். மறுநாளிலிருந்து நான் கேனை விட்டுவிட்டுக் குழாயைத் திறந்தேன்.

அப்பா முகம் சுளித்தார். தூளை மாற்றினார், பாலை மாற்றினார். கடைசியில் பழி ஃபில்டர் மேல் விழுந்தது. கனமான பித்தளை ஃபில்டர் வந்தது. உப்புத் தண்ணீருக்குப் பித்தளை என்ன, எவர்சில்வர் என்ன! பிறகு ஒரு வெளிநாட்டுச் சாமான்: கண்ணாடிக் குடுவை, நடுவில் கம்பி, கம்பி நுனியில் வலை. கையால் மெல்ல அழுத்த வேண்டும். விலையைக் கேட்ட அத்தை நெஞ்சில் கை வைத்தாள்.

"இன்னாடா இது, ஆஸ்பத்திரி சாமான் மாதிரி கீது. இந்தத் துட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்கலாமே!"

"நல்ல சாமான்க்கா. வீடியோல அல்லாரும் சொல்றாங்க."

தினமும் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். மிச்சத்தைக் கொட்டிவிட்டு, முனைக் கடைக்குப் போய் டீ குடித்து வருவார். அவர் படியிறங்கும்போது எனக்குப் பாவமாக இருக்கும். இருந்தாலும் கேன் பக்கம் போகமாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வந்தாள். நான் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அப்பா என்னை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போய், "சீக்கிரம் வெந்நீ வையி பாப்பா," என்றார். கண்ணாடிக் குடுவையை எடுத்துத் துடைத்தார்.

கேனையும் குழாயையும் பார்த்தேன். காபி நன்றாக இருந்தால், இவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று அம்மா போய்விடுவாள். வாயில் வைக்க முடியாமல் இருந்தால், "நவுரு, நான் போடறேன்," என்று எழுந்து வருவாள். குழாயைத் திறந்தேன்.

அப்பா கம்பியைப் பொறுமையாக அழுத்தினார். நுரை பொங்க ஆற்றி, இரண்டு கையாலும் டம்ளரை நீட்டினார். அம்மா ஒரு வாய் குடித்தாள்.

"இன்னா இது, போர் தண்ணிலயா போட்டுகீற? எனுக்கு இது போதும்னு நெனச்சிட்ட, இல்ல?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

"அவசரத்துல நான்தான் மாத்திப் புட்சிட்டேன்," என்றார் அவளிடம்.

அம்மா எழுந்தாள். அடுக்களைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஒரு டம்ளர் காபியால் குடும்பம் பிரியாது என்பார்கள். இருக்கலாம். ஆனால் அதன் பிறகு அம்மா அந்தப் படி ஏறவில்லை. நான்தான் லீவுக்கு லீவு மாத்தூர் போய் வந்தேன். அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று ஃபில்டரும் பரணுக்குப் போயின. அடி விழாமல் தப்பித்ததே பெரிது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

கல்லூரிக்குப் போகப் பரணிலிருந்து பெட்டி இறக்கும்போது அந்தக் கண்ணாடிக் குடுவை கண்ணில் பட்டது. காபி குடிக்கும் ஆசையில் அப்பா எவ்வளவு செலவு செய்தார் என்றேன் அத்தையிடம். அத்தை சிரித்தாள்.

"உங்கப்பனா? அவன் பொறந்ததுலேர்ந்து டீதான். காபி ருசியே தெரியாது. உங்கம்மா சண்டைல, 'கட்டிகினு வந்த நாளா எனுக்கு ஒரு காபி போட்டுக் குடுத்துகீறியா'ன்னு கேட்டா. அதையே மனசுல வச்சிகினு கத்துகினான்."

அந்த வீட்டில் அம்மாவுக்காக ஏங்கியது நான் ஒருத்திதான் என்று பத்து வயதில் நினைத்திருந்தேன்.