வெற்றிலைப் பையில் குளிசை

கடல் ஊருக்குள் வந்த அன்று ஒரு மதில் என் இடுப்பில் விழுந்தது. உயிர் தப்பியது. இடுப்பு பழையபடி வரவில்லை. நான் கரைவலைக்காரன். கடலில் வளைத்த வலையைக் கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கிற தொழில். இடுப்பு இல்லாமல் நடக்காது.

வீடு போய் நாங்கள் தங்கியிருந்த முகாமுக்கு மருந்து கொடுக்க வந்தவர்கள் நோவுக்கு வெள்ளைக் குளிசை தந்தார்கள். ஐந்து நாளைக்கு என்றுதான் சொன்னார்கள். போட்டால் நோவு நின்றது. முடிந்ததும் கடையில் அதையே வாங்கினேன். டொக்டர் எழுதிய துண்டு எங்கே என்று கடையில் கேட்கவில்லை.

எங்கள் வலையை இழுக்கிற எல்லாருக்கும் நோவு. ஒருவனுக்கு முழங்கால், ஒருவனுக்குத் தோள். கயிற்றில் கை வைக்க முன்னம் வெற்றிலைப் பை சுற்றி வரும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, அதோடு ஒரு குளிசை. வெறும் வயிற்றில் தேத்தண்ணியோடு விழுங்குவோம். வெற்றிலை தராதவனைக் கஞ்சன் என்போம். குளிசை தராதவனையும் அப்படித்தான்.

பிறகு சண்டை எங்கள் பக்கம் வந்தது. காட்டால் நடந்து மட்டக்களப்புப் பக்கம் போய்க் கூடாரத்தில் இருந்தோம். இந்த இடுப்போடு அவ்வளவு தூரம் நடந்ததில் குளிசை இரண்டாகியது. அங்கேதான் வயிற்றாலே போகத் தொடங்கியது. ஒரு நாளைக்கு எட்டுத் தரம், பத்துத் தரம். பிறகு இரத்தம். முகாமில் எல்லாருக்கும் ஒரு நேரம் வயிற்றாலடி வந்தது. அவர்களுக்கு நின்றது. எனக்கு நிற்கவில்லை. தண்ணீர்தான் காரணம் என்று நினைத்தேன். மிளகாயையும் விட்டுப் பார்த்தேன்.

கக்கூசுக்கு நீள வரிசை. நான் வருவதைக் கண்டால் முன்னால் நிற்கிறவர்கள் விலகுவார்கள்.

“மந்திரி வாறார், வழிய விடுங்க!” என்பார் பக்கத்துக் கூடாரத்து அக்கா.

சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டு ஓடுவேன். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அந்தச் சனத்தை நான் மறக்கமாட்டேன்.

சண்டை ஓய்ந்து ஊருக்குத் திரும்பினோம். புது வலையும் கிடைத்தது. என்னால்தான் இழுக்க முடியவில்லை. பாதியில் கயிற்றை விட்டுவிட்டுப் பற்றைக்குள் ஓடினேன். உடம்பு வற்றியது. புற்றுநோய், இனித் தொழில் இல்லை என்று முடிவெடுத்தேன். மனிசியிடம் சொல்லவில்லை. அவள் என் சாரத்து இரத்தக் கறையைத் தோய்ப்பவள். அவளுக்குத் தெரியும்.

“வெளிக்கிடுங்க, ஆசுப்பத்திரிக்குப் போறம்,” என்றாள் ஒருநாள் விடிய.

அங்கே குழாய் விட்டுப் பார்த்தார்கள். புற்று இல்லை, குடலில் அழற்சி, புண் என்றார் டொக்டரம்மா.

“வேற மருந்து ஏதும் பாவிக்கிறீங்களா ஐயா?”

“இல்ல.”

பொய் சொல்லவில்லை. பாயில் படுத்த வருத்தக்காரன் எடுப்பதுதான் மருந்து. நாங்கள் வேலைக்குப் போகிறவர்கள்.

“வெத்தில?”

“ஓம்.”

“புகையிலையோடயா? பையக் காட்டுங்க பாப்பம்.”

மேசையில் அவிழ்த்தேன். பாக்குக்கு நடுவே குளிசை அட்டை கிடந்தது.

“இது?”

“இடுப்பு நோவுக்கு. வலை இழுக்க முன்னம் போடுற.”

“எவ்வளவு காலமா?”

“கடல் வந்த வருசத்தில இருந்து.”

மனிசி என்னைப் பார்த்தாள். “மருந்து இல்லயெண்டு சொன்னீங்களே, இது என்ன டொபியா?”

டொக்டரம்மா ஏசவில்லை. “இதாலதான் வந்ததெண்டு அடிச்சுச் சொல்லேலாது. சில பேருக்கு இப்பிடிக் குளிசை குடலக் கெடுக்கும், இருக்கிற வருத்தத்தையும் கூட்டும். நிப்பாட்டிப் பாப்பம்,” என்றார். குடலுக்கு வேறு மருந்து தந்தார். நோவு தாங்காவிட்டால் கடைக்குப் போகாமல் தன்னிடம் வரச் சொன்னார்.

நிறுத்தினேன். இடுப்பு பாடாய்ப் படுத்தியது. மூன்றாம் மாதம் இரத்தம் நின்றது. வருத்தம் முழுக்கப் போகவில்லை, கிளினிக் போகிறேன். ஆனால் கயிற்றைப் பிடித்தால் வலை கரையேறும் வரை நிற்கிறேன். அது போதும். பையைக் காட்டச் சொன்ன அந்த டொக்டர்ப் பிள்ளை நல்லாயிருக்க வேண்டும்.

வலையடியில் இதைச் சொன்னேன்.

“நாங்க எல்லாரும்தானே விழுங்குறம். உனக்கு மட்டும்தானா குடல் இரிக்கி?” என்றான் ஒரு மச்சான். எல்லாரும் சிரித்தார்கள். கயிறு சுருட்டும்போது அவனே கிட்ட வந்தான்.

“எனக்கும் ரெத்தம் போகுது மச்சான்.”

“ஆரிட்டயும் சொன்னியா?”

“இத ஆரிட்டச் சொல்ற?”

“என்னட்டச் சொல்லிட்டாய். நாளைக்கு வலை வேணாம். ஆசுப்பத்திரிக்குப் போவம்.”

முதல் பஸ்ஸில் போனோம். உள்ளே இடம் இருந்தது. அவன் அவசரத்துக்கு இறங்க வசதியாகக் கதவடியில் இருந்தான். நானும் அவன் பக்கத்தில் இருந்தேன்.