தூதன் இல்லை, ரமீஜா அக்கா

சபையார் எல்லோருக்கும் விழுப்புரம் சௌந்தரி எழுதுவது. பெற்ற பிள்ளையைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்தவள் நான். அந்தப் பிள்ளையை ஜெபத்தில் திரும்பப் பெற்றவளும் நான்தான். இதை என் கணவர் ஆலயத்தில் ஏற்கெனவே சாட்சியாகச் சொல்லிவிட்டார். நீங்களும் அல்லேலூயா சொன்னீர்கள். ஆனால் அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. மீதியைச் சொல்ல நான் எழுந்தபோது என்னை உட்கார வைத்துவிட்டீர்கள். நாலு வருஷமாக அது தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எண்பத்து நாலாம் வருஷம், மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. எங்களுக்கு ஐந்தாவது திருமண நாள். மத்தியானம் திண்டிவனத்தில் என் அம்மா வீட்டில் சாப்பாடு. சாயங்காலம் ஆறு மணிக்கு விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம். மகள் பியூலாவுக்கு அப்போது மூன்று வயது. அவள் தம்பி எட்டு மாதக் கைக்குழந்தை.

என் கணவர் தேவராஜ் தையல் கடை வைத்திருக்கிறார். ஊரார் துணியெல்லாம் சொன்ன நாளில் தைத்துக் கொடுப்பார். வீட்டுத் துணி என்றால் மட்டும் நாளைக்கு, நாளைக்கு. எனக்கு ஜாக்கெட்டும் பியூலாவுக்குக் கவுனும் ஒரே ரோஸ் துணியில் தைப்பதாகச் சொல்லி ஒரு மாதம் இழுத்தடித்தார். அன்று காலையில், பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்தில்தான் கவுனை முடித்தார். முடித்த கையோடு, கடைக்கு வருகிறவர்களின் சட்டைக் கழுத்தில் வைக்கிற லேபிளை இதிலும் வைத்துத் தைத்துவிட்டார். கடைப் பெயர், தெரு, விழுப்புரம் என்று போட்ட கெட்டி லேபிள். எல்லாம் கைப் பழக்கம்.

“கய்த்துல குத்துதும்மா” என்று பிள்ளை வழியெல்லாம் சொறிந்தாள். சாப்பிட்டு எழுந்ததும் பார்க்கிறேன், கழுத்து சிவந்து தடித்திருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எம் பொண்ணு இன்னா உங்க கடை போர்டா? பெத்த புள்ளைக்கும் லேபிளு வெக்கணுமா?” என்று சொந்தக்காரர்கள் முன்னாலேயே கேட்டேன்.

“இதுக்குப் போயி இன்னாத்துக்கு இப்டிக் கத்தற? ஒரு பிளேடு குடு, பிரிச்சி எட்துட்றேன்” என்றார்.

“கல்யாண நாளும் அதுவுமா நான் பிளேடு தேடிக்கினு அலையணுமா?”

என் தம்பி களுக்கென்று சிரித்துவிட்டான். இவருக்கு முகம் செத்துப்போனது. பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். போகட்டுமே என்று நானும் இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. லேபிளையும் யாரும் பிரிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் பெஞ்சில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு முஸ்லிம் அம்மா உட்கார்ந்திருந்தார். பியூலாவைப் பார்த்துச் சிரித்து, பையிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதைப் பிடுங்கி மண்ணில் வீசினேன். “கண்டவங்க கையில வாங்கித் துன்னாதன்னு எத்தினி வாட்டி சொல்லிக்கிறேன்?” என்று பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தேன். கோபம் புருஷன் மேல், அடி பிள்ளைக்கு. அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பஸ் வந்தது. முகூர்த்த நாள், தாங்க முடியாத கூட்டம். பெண்கள் முன் கதவு, ஆண்கள் பின் கதவு. இடுப்பில் பையன், தோளில் பையோடு நான் படியில் கால் வைத்தபோது பியூலா முந்தானையை இழுத்தாள். “போ, உங்கப்பாகிட்டப் போ” என்று பின் கதவைக் காட்டினேன். ஓடினாள். அங்கே அவர் என் அம்மா கொடுத்த பலகார டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். “உங்கம்மாகிட்டப் போ” என்று முன் கதவைக் காட்டினார். இது எனக்கு அப்புறம்தான் தெரியும். அவள் போய்ச் சேர்ந்தாளா என்று அவரும் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கதவுக்கும் நடுவில் என் பிள்ளை நின்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

ஒரு மணி நேரப் பயணம். மயிலம் மலை ஜன்னலில் தெரிந்து மறைகிற வரைக்கும்கூட, ‘படட்டும், ஒரு நாளாவது பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வரட்டும்’ என்று உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். பின்னால் நின்ற அவரும் என்னைப் பற்றி அதையேதான் நினைத்திருக்கிறார். இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

விழுப்புரத்தில் நான் முன்னால் இறங்கினேன், அவர் பின்னால் இறங்கினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம்: “கொழந்தை எங்க?”

அவர் டப்பாவைக் கீழே போட்டுவிட்டுத் திண்டிவனம் பஸ்ஸுக்கு ஓடினார். “நீ வூட்டுக்குப் போ. யாராச்சும் தகவல் கொண்டாந்தா ஆள் இருக்கணும்” என்று ஓடிக்கொண்டே கத்தினார்.

வீட்டுக்கு வந்தால், ஐந்தரை மணிக்கெல்லாம் கூட்டத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னேன். ஒருவராவது போலீஸுக்குப் போகிறேன் என்றாரா? ஒருவராவது சைக்கிளை எடுத்தாரா? மூப்பர் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து, “மறைவான பாவம் ஏதாச்சும் இருந்தா அறிக்கை பண்ணிடு சௌந்தரி. காரணம் இல்லாம ஆண்டவர் அடிக்க மாட்டாரு” என்றார். இன்னொருவர், பிள்ளை பிடிக்கிறவர்கள் அந்தப் பக்கம் சுற்றுவதாகக் கேள்வி என்றார். ஆறுதல் சொல்ல வந்தவர்களின் லட்சணம் இது! சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கூட்டத்துக்காகக் கிளறி வைத்த கேசரி அடுப்படியில் ஆறிக் கிடந்தது.

எப்போதும் ஆண்டவரை ‘நீர்’ என்று சொல்லித்தான் ஜெபிப்பேன். அன்றைக்கு அந்த மரியாதையெல்லாம் வரவில்லை. “சண்டை போட்டது நாங்க ரெண்டு பேரு. அடிக்கணும்னா எங்கள அடி. மூணு வயசுப் புள்ளை உனுக்கு இன்னா பண்ணிச்சி? உனுக்கு ஸ்தோத்திரம் பண்ணத்தான வூட்டக் கழுவி வெச்சிக்கிறேன்? எதுக்குப் பண்ணணும், நீயே சொல்லு. எம் புள்ளையக் குடு. அப்பறம் உங்கூடப் பேசறேன்” என்று சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதேன். ஜெபம் என்றால் அவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லை.

வாசலில் குரல் கேட்டது. “டெய்லர் வூடு இதானாம்மா?”

ஓடினேன். வெள்ளைத் துப்பட்டி. தோளில் என் பியூலா, வாயோரம் பிஸ்கட் தூளோடு தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு அந்த அம்மாவின் காலில் விழப் போனேன். அவர் பதறிப்போய்த் தூக்கினார். “மனுசங் கால்ல வுழக் கூடாதும்மா. அல்லாவுக்கு நன்றி சொல்லு” என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “பஸ்ஸு போனப்பறம் பாக்கறேன், புள்ள தனியா நின்னுக்கினு அழுவுது. நீங்க திரும்பி வருவீங்கன்னு ஒரு மணி நேரம் பாத்தேன். பஸ் ஸ்டாண்டு ஆபீசராண்ட சொன்னா, ‘இங்க ஒக்கார வெச்சிட்டு நீ போம்மா’ன்றாரு. பொட்டப் புள்ளைய எப்டிம்மா வுட்டுட்டுப் போறது? கய்த்துல குத்துதுன்னு சொறிஞ்சிக்கினே இருந்துச்சி. இன்னான்னு பாத்தா லேபிளு. ஒருத்தரப் படிக்கச் சொன்னேன், விழுப்புரம்னு இருக்குதுன்னாரு. பஸ்ஸு ஏறிட்டேன். கடை பூட்டிக் கெடந்துச்சி. எதிர்க்க டீக்கடைக்காரரு வழி காட்னாரு.”

அவர் பாண்டிச்சேரி பக்கம் கோட்டக்குப்பத்துக்காரர். ஆஸ்பத்திரியில் இருந்த தங்கையைப் பார்க்கத் திண்டிவனம் வந்தவர். அவர் போக வேண்டிய பஸ் கண் முன்னால் போனது. கணவர் சவூதியில் இருக்கிறார். நேரத்துக்கு வீடு திரும்பாவிட்டால் மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அத்தனையும் தெரிந்துதான், பிஸ்கட்டைப் பிடுங்கி எறிந்தவளின் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வேறு திசைக்கு வந்திருக்கிறார்.

வீடு முழுக்க அல்லேலூயா. பாட்டுகூட எடுத்துவிட்டார்கள். அந்த அம்மா மட்டும் வாசற்படியிலேயே நிற்கிறார். ஒரு ஆள் உட்காருங்கள் என்று சொல்லவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கவில்லை. மூப்பர் என்னிடம், “அந்தம்மாவ அனுப்பிட்டு வாம்மா, கூட்டத்த ஆரம்பிக்கலாம்” என்றார்.

“யாரைங்க ஐயா அனுப்பறது?” என்று கேட்டேன். பாஸ்டருக்காக முன்னால் போட்டிருந்த நாற்காலியை இழுத்து, அதில் அவரை உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். கேசரியில் முதல் தட்டு அவருக்குத்தான். பெயர் கேட்டேன். ரமீஜா என்றார்.

“அக்கா, அந்த பிஸ்கட்டு…” என்று இழுத்தேன்.

“நீ செஞ்சது சரிதாம்மா. எம் புள்ளைங்களுக்கும் நான் அதான் சொல்லிக் குடுத்துக்கிறேன்” என்று சிரித்தார். அதற்குத்தான் எனக்கு அதிகமாக அழுகை வந்தது.

அவர் பாண்டிச்சேரி பஸ் ஏறிப் போன பிறகுதான் என் கணவர் வந்தார். திண்டிவனம் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய்ப் புலம்பிவிட்டு, வெறும் கையோடு வந்தவர். தூங்குகிற பியூலாவைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். கவுனின் கழுத்தைத் திருப்பி லேபிளைக் காட்டினேன். அவர் அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் சாட்சி சொன்னார். ஆண்டவர் வெண்வஸ்திரம் தரித்த ஒரு தூதனை அனுப்பினாராம்! பாஸ்டர் ஐயா அப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது. நான் எழுந்து, “தூதன் இல்லீங்க, கோட்டக்குப்பம் ரமீஜா அக்கா” என்றேன். சாட்சியைக் கெடுக்காதே, உட்கார் என்றார்கள். உட்கார்ந்தேன். அந்தக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை. தூதனுக்கு மாமியார் திட்டுவாளா? தூதன் போக வேண்டிய பஸ் போய்விடுமா? ரமீஜா அக்காவை அனுப்ப ஆண்டவருக்கு வெட்கம் இல்லை. பெயரைச் சொல்ல நமக்கு என்ன வெட்கம்?

அன்று முதல் நானும் என் கணவரும் ஒரே கதவில்தான் பஸ் ஏறுகிறோம், யார் முறைத்தாலும் சரி. சண்டை இல்லாமல் இல்லை. ஆனால் எங்கள் சண்டைக்கு நடுவில் பிள்ளையை இங்கும் அங்கும் அனுப்புவது இல்லை. அவர் தைக்கிற குழந்தைத் துணி எல்லாவற்றிலும் இப்போது மெத்தென்ற துணியில் லேபிள் இருக்கிறது. ரமீஜா அக்கா வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெருநாள் துணி அவர்தான் தைக்கிறார். இந்தச் சாட்சியை எழுதப் போகிறேன் என்றதும், “நான் கோழையா இருந்துட்டேன். எழுது, பேரப் பெருசா எழுது” என்றார்.

உங்களுக்கும் ஒரு நாள் அப்படி நெஞ்சடைத்துப் போனால், நல்ல வார்த்தைக்காகக் காத்திருக்காதீர்கள். வருகிற வார்த்தையில் கேளுங்கள். கோபத்தோடு கேட்டாலும் ஆண்டவர் செவிகொடுக்கிறார், எனக்குச் செவிகொடுத்தார். பதில் வாசலில் வந்து நின்றால் மட்டும், அதற்குப் பெயர் என்ன என்று கேளுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள்.

வருகிற வியாழக்கிழமை எங்களுக்கு ஒன்பதாவது திருமண நாள். எங்கள் வீட்டில், அதே ஆறு மணிக்கு ஸ்தோத்திரக் கூட்டம். எல்லோரும் வாருங்கள். கேசரி உண்டு. முதல் நாற்காலி ரமீஜா அக்காவுக்கு. பாஸ்டர் ஐயாவுக்கு அதற்குப் பக்கத்து நாற்காலி.