மடிப்பக்கா வாங்கிய திரை

வேலை செய்த இடத்தில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. இயந்திரத்திலிருந்து சுடச்சுட வரும் படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனை பிடித்து இரண்டு பேர் மடிப்பார்கள். இவள் தனியாளாக, ஓர் ஓரத்தைத் தாடையால் அழுத்திக்கொண்டு, கண்மூடித் திறப்பதற்குள் மடித்து அடுக்கிவிடுவாள். அங்கே ஜன்னல் கிடையாது. வெளியில் மழையா வெயிலா என்பதை உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "மடிக்கவே நேரம் போதலை, இதுல விரிச்சுப் போட வேற ஒருத்தனா?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

ஓய்வு பெற்றதும் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் நிற்க வேண்டும். சமையலறையில் திரும்பினால் முழங்கை இடிக்கும். ஆனால் படுக்கையறையில் ஒரு பக்கச் சுவர் முழுவதுமே ஜன்னல். வீடு பார்க்க வந்த அன்று அந்த அறையைத் தவிர வேறு எதையும் அவள் சரியாகப் பார்க்கவில்லை. குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்கக்கூட மறந்துபோனாள். குடிவந்த பிறகு கட்டிலை ஜன்னலோடு ஒட்டிப் போட்டாள். திரை எதுவும் மாட்டவில்லை.

"எதிர் வீட்டுக்காரங்க பார்ப்பாங்களே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"பார்க்கட்டும். கிழவி தூங்குறதைப் பார்த்து அவங்களுக்கும் தூக்கம் வந்தா நல்லதுதானே."

விடியும்போது முதலில் பாதத்தில் வெளிச்சம் படும். அது முட்டி வரைக்கும் ஏறி வருகிற வரையில் எழுந்திருக்க மாட்டாள். இந்தச் சுகம் ஒரு வருஷம் நீடித்தது.

அவளுடைய தம்பி பஸ் ஓட்டுநர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மகன் வீட்டில் இருந்தான். தலைக்குள் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தான், ஆனால் வெளிச்சம் பட்டால் தாங்க முடியாமல் போய்விட்டது. கண்ணில் ஊசி இறக்குவதுபோல் வலிக்கும், பிறகு வாந்தி, பிறகு நாள் முழுக்கத் தலையைத் தூக்க முடியாது. இனி இப்படித்தான் இருக்கும், இருட்டறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் வீட்டில் ஒரே அறை, கைக்குழந்தை வேறு. மருமகள் நல்லவள்தான், ஆனால் இருட்டில் எப்படிக் குழந்தை வளர்ப்பாள்? மகன் அத்தைக்கு போன் செய்தான். மடிப்பக்கா யோசிக்கவில்லை. "கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் படுக்கையறையைத் திரும்பிப் பார்த்தாள்.

தம்பி வந்தபோது ஜன்னலில் பழைய போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தாள். காற்றடித்தால் அவை விலகும்; அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். மறுநாளே திரை விற்கும் கடைக்குப் போனாள்.

கடையில் இருந்த பெண் நிதானமானவள். துணி மாதிரிகளை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்து விளக்கினாள். செங்குத்துப் பட்டைகள் வைத்தது, சுருட்டி ஏற்றுவது, ஒளியே புகாத கெட்டித் துணி.

"உங்க ஜன்னல் ரொம்ப அகலம்மா. இவ்வளவு அகலத்துக்கு ஒரே துண்டா போட்டா நடுவுல தொய்ஞ்சிடும். ரெண்டு துண்டாத்தான் போடணும். யாருக்கு?"

"என் தம்பிக்கு. வெளிச்சம் ஆகாது."

"அப்ப இதுதான்" என்று அவள் கெட்டித் துணியை முன்னால் நகர்த்தினாள். ஒரு பக்கம் சாம்பல் நிறம், மறுபக்கம் ரப்பர் பூசினாற்போல் வெள்ளை. "ஓரத்துல சட்டம் அடிச்சு மூடிட்டா பகல்லயும் கை தெரியாது."

மடிப்பக்கா அதை விரலால் தடவிப் பார்த்தாள். அடித்தளத்து வாடை வருவதுபோல் இருந்தது. மேஜையின் ஓரத்தில் வேறொரு மாதிரி கிடந்தது. ஒரு பட்டை கனமான துணி, அடுத்த பட்டை மெல்லிய வலை என்று மாறி மாறி வைத்துத் தைத்தது.

"இது என்ன?"

"ஜீப்ரா திரைம்மா. கயிறை இழுத்தா பட்டை மேல பட்டை வந்து மூடிக்கும். வேணுங்கிறப்போ கொஞ்சமா திறந்துக்கலாம். ஆனா மூடினாலும் கோடு கோடா வெளிச்சம் வரும். நீங்க சொல்ற கேஸுக்கு இது சரிப்படாது."

"கொஞ்சம்தானே வரும்?"

"கொஞ்சம் வரும்."

"அந்தக் கொஞ்சம் போதும். இதையே போட்டுடுங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரேயடியாக இருட்டில் கிடந்தால் மனுஷனுக்கு மனசு கெட்டுவிடும். அவனுக்கும் கொஞ்சம் பழக வேண்டாமா?

பொருத்துகிறவர் வந்து மாட்டிவிட்டுப் போனார். கயிற்றை இழுத்து மூடினாள். மெல்லிய கோடுகள் கட்டிலின் குறுக்கே விழுந்தன. இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் கத்தி மாதிரி ஒரு வெளிச்சம்.

"எப்படிடா இருக்கு?"

தம்பி கண்ணைப் பாதி மூடியபடி, "நல்லா இருக்குக்கா" என்றான்.

"வலிக்குதா?"

"இல்லையே. இது தாங்கும்."

அவள் நம்பினாள். நம்புவது அவளுக்கு வசதியாக இருந்தது. இரவில் கூடத்தில் படுத்துக்கொண்டாள். காலையில் அவனுக்கு மருந்து கொடுக்கிற சாக்கில் உள்ளே வந்து, அந்தக் கோடுகள் தன் கையில் விழும்படி சற்று நேரம் உட்கார்ந்திருப்பாள். பிறகு பழைய ஓட்டலுக்குக் கிளம்பிவிடுவாள். ஆள் குறைந்ததால் அரை நாள் வேலைக்கு அவளைத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஒரு நாள் மின்சாரம் போய் இயந்திரங்கள் நின்றன. சீக்கிரமே வீடு வந்தாள். கட்டிலில் தம்பி இல்லை. கூடத்திலும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். குளியலறைக்குள்ளிருந்து, "இங்க இருக்கேன்" என்று குரல் வந்தது.

கதவைத் திறந்தாள். ஈரத் தரையில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். காற்றுக்காகச் சுவரில் விட்டிருந்த சின்ன ஓட்டையில் துண்டைச் சுருட்டி அடைத்திருந்தான். கதவு திறந்ததும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். வேட்டியின் பின்பக்கம் நனைந்திருந்தது. மடியில் மத்தியானச் சாப்பாட்டுத் தட்டு.

அவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"நீ வேலைக்குப் போனதும் வந்துடுவேன். வர்றதுக்குள்ள போய்ப் படுத்துக்குவேன்."

"என்கிட்ட சொன்னா என்னடா?"

"காலைல நீ வந்து உட்கார்ற இல்ல, அப்ப கண்ணை இடுக்கிக்கிட்டு, வெளிச்சத்துல உன் முகம் மலர்றதைப் பார்ப்பேன். எப்படிச் சொல்ல?"

அன்றைக்கே கடைக்குப் போனாள். கடைப்பெண் எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கெட்டித் துணி வந்தது. ஓரங்களில் சட்டம் அடித்தார்கள். நடு இடைவெளிக்கு உட்பக்கமாக ஒரு பட்டையை ஒட்டினார்கள். கடைசிச் சட்டம் ஏறியதும் பொருத்துகிறவர் தன் திருப்புளியைத் தரையில் தடவித் தேடினார்.

அதன்பின் அந்த வீட்டில் பகல் என்று ஒன்று இல்லை. படுக்கையறைக் கதவு திறக்கும்போது வெளிச்சம் போகக் கூடாதென்று கூடத்து ஜன்னலையும் மூடிவைத்தாள். தம்பிக்கு வலி குறைந்தது. இருட்டில் அவன் நிறையப் பேசினான். மனைவி கடைசி நாட்களில் தன்னை அடையாளம் தெரியாமல், யாரோ கண்டக்டர் என்று நினைத்து "டிக்கெட் எடுத்துட்டேங்க" என்று சொன்னதை முதல்முறையாகச் சொன்னான். அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து கேட்டாள்.

எல்லா நாளும் அப்படி நல்லபடியாகப் போகவில்லை. அவளுக்கு எரிச்சல் வரும். பால் பாத்திரத்தை இருட்டில் தட்டிவிட்ட ஒரு நாள், கால் நனைந்து நின்றபடியே, "உனக்கு வந்து கிடக்க என் வீடுதானா கிடைச்சுது?" என்று கேட்டுவிட்டாள்.

"வேற யாரு இருக்காங்கக்கா?" என்றான் அவன். குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல் இருந்தது. அவள் துடைப்பத் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

மறு வருஷம் மழை தொடங்குவதற்குள் கட்டி திரும்ப வளர்ந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நீளமான வார்டு, தலைக்கு மேலே வரிசையாகக் குழல்விளக்குகள். அவனுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது, ஆனால் இமைகள் இறுகி இறுகித் துடித்தன. அவள் நர்ஸிடம் போனாள்.

"இந்த ஒரு லைட்டை மட்டும் அணைக்க முடியுமாம்மா?"

"எல்லாத்துக்கும் ஒரே சுவிட்சுங்க. மத்த நோயாளிங்களும் இருக்காங்களே. கண்ணைக் கட்டலாம்னா, அப்பப்போ கண்ணைச் சோதிக்கணும்னு டாக்டர் வேண்டாம்னுட்டார்."

மடிப்பக்கா திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வலது உள்ளங்கையைக் குவித்து, இமையில் படாமல், அவன் கண்களுக்கு மேலே பிடித்தாள். துடிப்பு மெல்ல அடங்கியது. சாயந்திரம் மகன் வந்து, "நீங்க போய்ச் சாப்பிடுங்க அத்தை" என்றான். அவள் தலையை மட்டும் அசைத்தாள். கை கடுத்தபோது, இடது கையைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த பிறகே வலது கையை எடுத்தாள்.