பூவராகவன் போட்ட தேதி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற சாலையில், லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்துக்கு எதிரே வசந்தகுமாரின் கடை. லாரி ஒயரிங் மட்டும்தான் பார்ப்பார். வயது நாற்பத்திரண்டு. இடது காலில் பாதம் கிடையாது. செயற்கைப் பாதம் போட்டுத்தான் நடப்பார். புதிதாக வரும் டிரைவர்கள் விசாரித்தால், "பிரேக் போட்டேன், கால் போச்சு" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

அவரும் டிரைவராக இருந்தவர்தான். ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் நெல் போடுகிற குடும்பம். மகன் கழனியில் இறங்கவில்லையே என்று அப்பா சடையப்பனுக்கு வருத்தம். ஆனால் மகன் லாரியோடு ஊருக்கு வந்தால், டயரைத் தட்டிப் பார்க்கிற சாக்கில் நாலு பேர் பார்க்கும்படி அதன் பக்கத்தில் போய் நிற்பார்.

2017-ல் கும்மிடிப்பூண்டியில் ஒரு லாரி கம்பெனிக்கு இரும்புக் கம்பி ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தார் வசந்தகுமார். அந்த வண்டியில் ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிந்தது. ஈரச் சாலையில் அழுத்திப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கிற அமைப்பு அது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அமைப்பு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் பூவராகவனிடம் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை அவர் எல்லோர் எதிரிலும், "ரோட்டப் பாத்து ஓட்றவனுக்கு லைட்டு எதுக்குடா?" என்றார். ஆனால் அடுத்த வாரமே, சாவி போட்டதும் எரிந்த விளக்கு, இன்ஜின் ஓடியதும் அணைந்துவிட்டது.

"சரி பண்ட்டேன். போ" என்றார் பூவராகவன். வசந்தகுமார் நம்பினார்.

நவம்பரில் ஒரு மழை நாள். தேர்வாய் கண்டிகைக்குத் திரும்புகிற வளைவில் ஓர் ஆட்டோ குறுக்கே வந்தது. வசந்தகுமார் பிரேக்கை அழுத்தினார். சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. ஸ்டியரிங் திரும்பியது, லாரி திரும்பவில்லை. நேராகப் போய்ச் சிறுபாலத்தின் சுவரில் மோதியது. ஆட்டோக்காரர் தப்பித்துவிட்டார். கிளட்சில் இருந்த இடது பாதம் நசுங்கிப்போனது.

விசாரணையில் பூவராகவன், "வண்டில ஒரு குறையும் இல்ல சார். தூக்கறப்ப ஆள் மேல சாராய வாடை அடிச்சுது" என்று சொன்னார். ரத்தம் எடுத்துப் பார்க்கும்படி யாரும் கேட்கவில்லை. வசந்தகுமாருக்குத் தண்டனை கிடைத்தது, லைசென்சும் போனது.

அதெல்லாம்கூடப் பெரிதில்லை. சடையப்பன் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"குடிச்சியாடா?"

"இல்ல நைனா. சத்தியமா இல்ல."

சடையப்பன் பஸ் ஏறிப் போய்விட்டார். அதன் பிறகு சாகும்வரை மூன்று வருஷம் மகனிடம் பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்தும், "அவனைச் சாப்டச் சொல்லு" என்று மனைவி குப்பம்மாளிடம்தான் சொல்வார். கடைசி நாளிலும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வசந்தகுமார் ஒயரிங் கற்றுக்கொண்டு கடை போட்டார். பூவராகவனை மறக்கவில்லை. மறக்க முயற்சி செய்யவும் இல்லை. அவரோ வளர்ந்துகொண்டே போனார். கம்பெனியை விட்டு வந்து, தேர்வாய் கண்டிகையில் வாகனப் பாதுகாப்பு ஏஜென்சி ஒன்று ஆரம்பித்தார். ஒரு பெரிய தொழிற்சாலைக்குள் லாரி நுழைய வேண்டுமென்றால் அவருடைய சான்றிதழ் வேண்டும். டிரைவர்களுக்கு வகுப்பு வேறு எடுத்தார். அவர் படம் போட்ட கையேட்டை டிரைவர்கள் கடையில் விட்டுப்போவார்கள். வசந்தகுமார் தாளைக் கிழித்து கிரீஸ் துடைப்பார், படம் இருக்கிற தாளை முதலில்.

போன வருஷம் ஆடி மாசம், பச்சை பெயின்ட் அடித்த பழைய லாரி ஒன்று கடைக்கு வந்தது. ஓட்டி வந்தவர் பாக்கியநாதன், வண்டியும் அவருடையதுதான். ஏலத்தில் எடுத்து இரண்டு வருஷம் ஆகிறதாம். வசந்தகுமார் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார். பெயின்ட்தான் புதிது. வண்டி அதே வண்டி.

"டைனமோ மாத்தனேன் அண்ணே. அதுலேர்ந்து பேஜாரா கீது. ஏபிஎஸ் லைட்டு அணையவே மாட்டேங்குது" என்றார் பாக்கியநாதன்.

"அது மட்டுமா?"

"பேட்டரி லைட்டும்தான். ரெண்டும் ஒண்ணா எரியுது, ஒண்ணா மினுக்குது."

பேட்டரிக்கு சார்ஜ் ஏறுவதைக் காட்டும் விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வசந்தகுமார் ஏபிஎஸ் சோதனை பட்டனை அழுத்திப் பிடித்தார். அமைப்பு உயிரோடு இருந்தால் விளக்கு விட்டுவிட்டு மின்னி, எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று எண்ணிக்கையில் சொல்லும். விளக்கு மின்னவில்லை. பியூஸ் பெட்டியைத் திறந்தார். ஏபிஎஸ் பியூஸ் இருக்க வேண்டிய இடம் காலியாக, தூசி அடைந்து கிடந்தது. முன் இடது சக்கரத்தடியில் படுத்துப் பார்த்தார். சக்கரத்தின் வேகத்தை அளக்கிற சென்சாரின் ஒயரை வெட்டி, மடக்கிக் கட்டி வைத்திருந்தார்கள். மேலே வந்து டைனமோவில் சார்ஜ் விளக்கின் ஒயரைத் தொட்டு அசைத்தார். உள்ளே இரண்டு விளக்கும் சேர்ந்து அணைந்தன, சேர்ந்து எரிந்தன.

"டேஷ்போர்டைக் கழட்டணும். உன் போன்ல வீடியோ எடு. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத" என்றார்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயரில் ஓர் ஒட்டு இருந்தது. ஏபிஎஸ் விளக்கின் ஒயரை வெட்டி சார்ஜ் விளக்கோடு முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். அதனால்தான் இன்ஜின் ஓடியதும் இந்த விளக்கும் நல்ல பிள்ளையாக அணைந்திருக்கிறது. டேப்பின் மேல் வெள்ளை மையில் எழுதியிருந்தது: 14.9.17. பூ.வ.

பூவராகவனுக்கு அப்படி ஒரு பழக்கம். ஃபில்டர், பெல்ட், பேட்டரி, எதை மாற்றினாலும் தேதியும் கையெழுத்தும் போடாமல் விட மாட்டார். ஒழுங்கான மனிதர் என்று கம்பெனியில் அவருக்குப் பெயர். விபத்து நடந்தது நவம்பர் மூன்றாம் தேதி.

வசந்தகுமார் அந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை வரும் என்று நினைத்தார். வரவில்லை. வாயெல்லாம் உமிழ்நீர் ஊறியது, பசியில் இருப்பவனுக்கு ஊறுவது மாதிரி.

விஷயம் தெரிந்ததும் பாக்கியநாதன் கொதித்துப்போனார். "ரெண்டு வருசமா இத்தையா ஓட்டினு இருந்தேன்? என் பொண்டாட்டி புள்ளைங்கள ஏத்தினு திருத்தணி போனேனே!"

"எனக்குப் பத்து நாள் குடு. வண்டி என் கடைலயே நிக்கட்டும். அப்புறம் புது சென்சார் போட்டு, எல்லாம் என் கைக்காசுல செஞ்சு தரேன்."

மணவாள நகரில் இருக்கும் வக்கீல் ஸஹானாவிடம் வீடியோவைக் காட்டினார். பழைய வழக்கைத் திறக்க மனு போடலாம் என்றார் அவர். "அதுவும் போடுங்க. எனக்கு வேற ஒரு வேலை கீது" என்றார் வசந்தகுமார். கடைக்குத் திரும்பி சார்ஜ் ஒயரை மட்டும் சரிசெய்தார். ஒட்டைத் தொடவில்லை. இப்போது இன்ஜின் ஓடியதும் இரண்டு விளக்கும் பழையபடி அணைந்தன.

அடுத்த வாரம் தொழிற்சாலை வாசலில் பாதுகாப்பு முகாம். நூறு டிரைவர்கள் நாற்காலியில், கம்பெனி அதிகாரிகள் முன்வரிசையில். பிரேக் பிடித்துக் காட்டுவதற்காகத் தரையில் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். மைக்கில் பூவராகவன், பத்து விபத்தில் ஒன்பது டிரைவரின் குடியால்தான் என்று பேசிக்கொண்டிருந்தார். வசந்தகுமார் எழுந்து நின்றார். பாக்கியநாதன் லாரியைக் கொண்டுவந்து ஈரத்தரை ஓரம் நிறுத்தினார்.

"சார், இது நீங்க ஏபிஎஸ் சரி பண்ண வண்டி. லைட்டு பாருங்க, நல்லா அணையுது. நாப்பதுல போயி இந்தத் தண்ணில ஒரு பிரேக் போட்டுக் காட்டுங்க."

பூவராகவன் நம்பரைப் பார்த்தார், வசந்தகுமாரின் காலைப் பார்த்தார். "எனக்கு லாரி ஓட்டி டச் உட்டுப் போச்சுப்பா."

"காலி வண்டிதான் சார். ஏறுங்க."

"அதெல்லாம் வேணாம்."

"ஏன் சார் பயப்படறீங்க? நீங்க சரி பண்ணதுதானே?"

டிரைவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். பூவராகவனுக்கு வியர்த்தது. "யோவ், அதுல ஏபிஎஸ் வேலை செய்யாதுய்யா!" என்று கத்திவிட்டார். மைக் கையிலேயே இருந்தது.

"லைட்டு அணைஞ்சிருக்கே. வேலை செய்யாதுன்னு உங்களுக்கு எப்டி சார் தெரியும்?"

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த அதிகாரி ஒருவர் எழுந்து லாரியை நோக்கி நடந்தார். பாக்கியநாதன் அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்தார்.

அந்த வாரமே தொழிற்சாலை பூவராகவனின் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. மற்ற கம்பெனிகளும் விலகின. கோர்ட் நோட்டீஸ் கிடைத்த மறுநாள் அவர் கடைக்கு வந்தார். பத்து நாளில் ஆள் இளைத்திருந்தார்.

"இன்னா செய்யணும், சொல்லு வசந்தா."

"எங்க ஊருக்கு வா. காலைல பால் சொசைட்டில எல்லாரும் இருப்பாங்க. அங்க வந்து நடந்ததச் சொல்லு."

வந்தார். பால் கேனோடு வரிசையில் நின்ற முப்பது நாற்பது பேர் முன்னால், வெட்டினது நான்தான், வாடை அடித்தது என்று சொன்னதும் பொய் என்றார். குரல் கம்மியது. பின்னால் இருந்தவர்கள் சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். மறுபடியும் சொன்னார். குப்பம்மாள் சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துச் செருகிக்கொண்டு கிட்டே வந்தார்.

"எம் புருசன் காதுல இது உழற மாதிரி, அவரு இருந்தப்பவே வந்திருக்கக் கூடாதா நீ?"

பூவராகவன் கை கூப்பினார். பிறகு வசந்தகுமார் பக்கம் திரும்பி மெல்ல, "அப்ப கேச வாபஸ் வாங்கிக்குவ இல்ல?" என்றார்.

"வாங்கறேன்னு நான் எப்ப சொன்னேன்?"

யாரோ வழக்கம்போல் எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார்கள். பூவராகவன் பக்கம் நீண்ட தம்ளரைக் குப்பம்மாள் கையால் தடுத்து, அடுத்த ஆளுக்குக் கொடுத்தார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வசந்தகுமார் கடையைச் சாத்திவிட்டுப் போகிறார். போகத் தேவையில்லை என்று ஸஹானா சொல்லிப் பார்த்துவிட்டார். அவர் கேட்பதில்லை. பூவராகவனுக்கு நேர் எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்து, கூப்பிடும் வரைக்கும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.