பெயர் எழுதிய நாற்காலி

வண்டியின் பின்கதவை இறக்கி, பிளாஸ்க்கை அதன்மேல் நிறுத்திவிட்டு, ஓரின் டாட்ரோ கையுறைகளைக் கழற்றி ஒன்றோடொன்று அடிப்பார். அப்படி அடித்தால் குளிர் உதிர்ந்துவிடும் என்பது அவர் எண்ணம். சனிக்கிழமை காலை ஏழு பத்து. ஊர்க் குப்பைக் கிடங்கின் இரும்புக் கதவை நான் திறந்து பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். முதல் வண்டி வந்து நிற்கும். ஓட்டி வந்தவர் தரையில் கால் வைப்பதற்குள் அவருடைய குப்பைப் பை ஓரினின் கையில் இருக்கும்.

"விடுங்க, விடுங்க. எனக்கு ஓட்டுப் போட்டீங்களோ இல்லையோ, இடுப்பு எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அறுபத்தொரு வயது. மாடுகளை விற்றுவிட்டு இப்போது வைக்கோல் மட்டும் கட்டி விற்கிறார். பன்னிரண்டு வருடமாக எங்கள் ஊருக்கும் பக்கத்து இரண்டு ஊர்களுக்கும் சட்டசபை உறுப்பினர். நாட்டில் எல்லோரும் அறிந்த இரண்டு கட்சிகளிலும் அவர் இல்லை. உழவர் ஐக்கியக் கட்சி என்று ஒன்று. நூற்றைம்பது பேர் உட்காரும் சபையில் அந்தக் கட்சிக்கு அவர் ஒருவர்தான். செவ்வாய் முதல் வெள்ளி வரை தலைநகரில் இருப்பார். சனிக்கிழமை எங்களோடு, குப்பையோடு.

வெண்டெல் புரூயிட் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர், எண்பது வயது, இடுப்பு எலும்பு தேய்ந்தவர். அவருடைய இரண்டு பைகளை ஓரின்தான் தூக்கிப்போடுவார். தூக்கும்போது வாராவாரம் ஏதாவது வம்பு நடக்கும்.

"என்னப்பா, உங்க கட்சி மாநாடு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. நடுவுல ஒருத்தர் வெளிநடப்பு பண்ணிட்டாரு."

"அய்யய்யோ. அப்புறம் எப்படித் தீர்மானம் போட்டீங்க?"

"கக்கூஸ் போயிட்டுத் திரும்பி வந்துட்டாரு."

ஊர்க்காரர்கள் சொல்லும் குறைகளை மாட்டுத்தீவனப் பையின் ஓரத்தைக் கிழித்து எழுதிக்கொள்வார். மண் சாலை மதகு, ஓய்வூதியக் காகிதம், ஆற்றங்கரையில் யாரோ போட்டுவிட்டுப் போன பழைய அடுப்பு. அடுத்த சனிக்கிழமை பதில் வந்துவிடும். பேனா உறைந்துவிடும் என்று அதை அக்குளில் செருகி வைத்திருப்பார். வெந்நீர்ப் பை வைத்திருக்கும் நோயாளி போல ஒரு கையை விலாவோடு ஒட்டிக்கொண்டே பேசுவார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. சபையில் வரப்போகிற மசோதாவைக் கொண்டுவந்து, குப்பை போட வருகிறவர்களின் சீட்டில் ஓட்டை போட நான் உட்கார்ந்திருக்கும் சாவடியின் ஜன்னல் வழியாக வாசித்துக் காட்டுவார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். "உனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்மா. புரியலேன்னா சொல்லு, வக்கீலுங்க எதையோ ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு அர்த்தம்" என்பார். நான் அதிகம் பேச மாட்டேன். புரியாத இடத்தில் தலையை மட்டும் ஆட்டுவேன். அந்த வரியின் கீழே கோடு போட்டுக்கொள்வார்.

தலைநகரில் மதியம் பன்னிரண்டு அடித்தால் இரண்டு கட்சிக்காரர்களும் தங்கள் தங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்களாம். ஓரினுக்கு அறை கிடையாது. கீழே கொதிகலன் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு, கட்டடம் பெருக்குபவர் பக்கத்தில், மனைவி கட்டிக்கொடுத்த முட்டை சாண்ட்விச். பன்னிரண்டு வருடமாக அதை வேடிக்கையாகத்தான் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "கதகதப்பான இடம்பா. மந்திரிக்கே கிடைக்காது."

இந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்தார்.

"என்னப்பா, குப்பைக்குக் கல்யாணமா?" என்றார் வெண்டெல்.

ஓரின் சிரித்தார், ஆனால் டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பெரும்பான்மைக் கட்சியின் தலைவி தானே படியிறங்கி பெஞ்சுக்கு வந்தாராம். காப்பி கொண்டுவந்தாராம். மேலே வாங்க, எங்களோடு சாப்பிடுங்க என்றாராம். அங்கே மேசையில் அவர் பெயரை அச்சடித்து மடித்த அட்டை ஒன்று நாற்காலிக்கு எதிரே நின்றிருந்ததாம். அந்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். எல்லோரிடமும் காட்டினார். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதே மாதம் பள்ளி மசோதா வந்தது. அறுபது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளை மூடவேண்டும் என்றது. எங்கள் பள்ளியில் முப்பத்தெட்டுப் பேர். மூடினால் ஆறு வயதுப் பிள்ளைகள் விடிவதற்கு முன்னால் கிளம்பி, பனியில் மலைச்சாலையைச் சுற்றி ஒரு மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டும். பள்ளியில் சமைக்கும் லோர்னா கில்ஃபெதர் குப்பைப் பையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"நேரா சொல்லு ஓரின். என்ன பண்ணப் போற?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா லோர்னா? கையை ஒடிச்சாக்கூட அதுக்குச் சம்மதம் சொல்ல மாட்டேன்."

ஆனால் அந்த மசோதாவை அவர் என் ஜன்னலுக்குக் கொண்டுவரவில்லை. அந்த வாரமும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. நான் கவனித்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை மாலை வாக்கெடுப்பு. லோர்னா பள்ளிச் சமையலறைக் கழிவைக் கொண்டுவந்தவள், என் சாவடிக்குள் வந்து ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்றாள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். பட்டியலில் டாட்ரோ கடைசிப் பக்கம். அவர் முறை வருவதற்குள் மசோதா ஜெயித்துவிட்டது என்று கணக்கு தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் 'இல்லை' என்று சொல்லியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மசோதா ஜெயித்திருக்கும், அவர் எங்கள் ஆளாகவே இருந்திருப்பார்.

பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் முறை கூப்பிட்டார்கள்.

"ஆம்."

லோர்னா ரேடியோவைப் பார்த்தபடி, "வேற டாட்ரோ யாராச்சும் இருக்காங்களா அங்க?" என்றாள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். சனிக்கிழமை ஏழு பத்துக்கு வண்டி வந்தது. டை இல்லை. பின்கதவை இறக்கினார், பிளாஸ்க்கை வைத்தார். எங்கள் ஊரில் யாரும் கத்த மாட்டார்கள். கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். எல்லோரும் அவரவர் பைகளைத் தாங்களே தூக்கிக்கொண்டு அவரைக் கடந்து போனார்கள். இரண்டு வாரக் குழந்தையை மார்பில் கட்டியிருந்த ஒரு பெண்கூட ஒரு கையால் பையை இழுத்துக்கொண்டு போனாள்.

வெண்டெல் வந்தார். ஓரின் ஓடிப்போய்ப் பையைப் பிடித்தார்.

"வேணாம்ப்பா. நானே கொண்டுபோறேன்."

பனிக்கட்டித் தரை. எண்பது வயதுக் கிழவர் ஒரு பையைத் தொட்டிவரை இழுத்துப் போட்டுவிட்டு, கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கிவிட்டு, அடுத்த பைக்குத் திரும்பி வந்தார். ஓரின் வெறுங்கையோடு நின்று அதைக் கடைசிவரை பார்த்தார். பிறகு தன் சீட்டை என் ஜன்னலில் நீட்டினார். "காலை வணக்கம்மா" என்றார். நான் குனிந்தபடியே ஓட்டை போட்டுக் கொடுத்தேன். எனக்கு வேலையாக இருந்தது போல நடந்துகொண்டேன். வேலை எதுவும் இருக்கவில்லை.

மார்ச் முதல் செவ்வாய் ஊர்க்கூட்டம்; சபைக்கு அன்று விடுமுறை. பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில்தான் நடக்கும். சாலை, தீயணைப்பு வண்டி என்று வரிசையாக நடக்கும் ஓட்டெடுப்புக்கு நடுவில், சட்டசபை உறுப்பினர் எழுந்து வருடக் கணக்கு சொல்லவேண்டும். ஓரினிடம் பெரும்பான்மைக் கட்சி ஆபீஸ் தட்டச்சு செய்து அனுப்பிய காகிதம் இருந்தது. மூடினால் வரி எவ்வளவு குறையும், பெரிய பள்ளியில் என்னென்ன வசதி என்றெல்லாம் அதில் இருந்திருக்கும். இரண்டு வரி வாசித்தார். பிறகு காகிதத்தை நாலாக மடித்தார்.

"இதெல்லாம் அப்புறம் எழுதினது. இதுக்காக நான் அப்படிச் சொல்லல."

யாரோ இருமினார்கள்.

"நான் 'இல்லை'ன்னு சொன்னா அடுத்த நாள் மதியம் கீழ பெஞ்சுக்குப் போகணும். என் பேர் கூப்பிட்டப்ப அதான் ஞாபகம் வந்துச்சு. எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தாங்க."

பின்வரிசையில் லோர்னா எழுந்தாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் லோர்னா."

"பணம் கிணம்?"

"இல்ல."

"வாங்கியிருந்தாக்கூட ஏதோ புரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். கேள்வி வேறு உண்டா என்று கூட்டம் நடத்துபவர் மூன்று முறை கேட்டார். இல்லை. அடுத்த தீர்மானம், சாலை சமன்செய்யும் இயந்திரத்துக்குப் புது டயர். அது ஏகமனதாக நிறைவேறியது.

பிறகு ஓரின் தலைவியின் மேசைக்குப் போகவில்லை, பெஞ்சுக்கும் போகவில்லை, வண்டியிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று கேள்விப்பட்டேன். சனிக்கிழமைகளில் மட்டும் தவறாமல் வந்தார். யாரும் பை கொடுக்கவில்லை. பெருக்குமாறை எடுத்துச் சிந்திக் கிடப்பதைக் கூட்டிவிட்டுப் போவார்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, மே மாதத்தில், மறுபடி தேர்தலில் நிற்பதற்கு ஊர்க்காரர்கள் ஐம்பது பேரின் கையெழுத்து வேண்டும். அதையும் அவர் இங்கேதான் வாங்குவார். கிளிப் வைத்த அட்டை, வைக்கோல் கட்டும் கயிற்றில் தொங்கும் பேனா. ஒரே காலையில் எண்பது சேர்ந்துவிடும். இந்த மே மாதம் முதல் மூன்று சனிக்கிழமைகளிலும் அந்த அட்டையை அவர் வெளியே எடுக்கவில்லை. கடைசி சனிக்கிழமையும் அப்படித்தான் பெருக்கிக்கொண்டிருந்தார். வெண்டெல் வண்டியிலிருந்து இறங்கி, இரண்டு பைகளோடு அவர் எதிரே வந்து நின்றார்.

"எங்கப்பா அந்தக் கையெழுத்து அட்டை? வியாழக்கிழமையோட தேதி முடியுதில்ல?"

"அது... வீட்டுலயே மறந்து வச்சிட்டு வந்துட்டேன்."

என் ஜன்னலிலிருந்து அவருடைய வண்டியின் முன்கண்ணாடி நேராகத் தெரியும். ஸ்டியரிங்குக்கு மேலே அந்தக் கிளிப் அட்டை இருந்தது. வெற்றுத்தாள் வெயிலில் வளைந்திருந்தது. கயிற்றில் பேனா தொங்கிக்கொண்டிருந்தது. வெண்டெலும் அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"மறந்திருப்ப" என்றார். "வயசாயிடுச்சு உனக்கும்."

ஓரின் பெருக்குவதை நிறுத்தினார். பெருக்குமாறைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு கைகளையும் கால்சட்டையில் துடைத்தார். துடைத்த கைகளை முன்னால் நீட்டினார், பைகளைத் தொடாமல், ஒரு சாண் தள்ளி, அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.