கல்லுக்கு முன்னால் ஒரு பிரெட் புடிங்

லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டுக்கு அருகே ஒரு பூங்கா. அதற்குள் ஒரு நினைவுக்கல். இரண்டாம் உலகப் போரில் நெதர்லாந்தில் ஒரு சிற்றூரை மீட்கப் போய் உயிர்விட்ட இந்தப் பகுதிப் பையன்களுக்காக, அந்த ஊர் மக்கள் அனுப்பிவைத்த கல். பத்தொன்பது பெயர்கள். நடக்கப் போகும்போதெல்லாம் எண்ணிப் பார்ப்பேன் — ஒன்று குறைந்துவிட்டால்?

ஊர் மீண்ட நாள் அக்டோபரில் வரும். இந்த வருடம் பக்கத்து வீட்டு குகனும் என்னோடு வந்தார். எலெக்ட்ரீஷியன். லண்டனுக்கு வருமுன் அகதியாக அதே நெதர்லாந்து ஊரில் இருந்தவர். கையில் வாழையிலை, வடை, கதலிப்பழம்... படையலாம்! கவுன்சில்காரர்கள் கண்டால் என்ன சொல்வார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்தேன்.

"அந்த ஊர்தான் எனக்கு இருக்க இடம் தந்தது, மாஸ்டர். அந்த ஊரை மீட்டுக் குடுத்தது இந்தப் பெடியள். சும்மா வந்து நிண்டிட்டுப் போக ஏலுமோ?"

இலையை விரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். செத்தவருக்குப் பிடித்ததைத்தானே நாம் படைப்போம்?

"இவைக்கு என்ன பிடிக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?"

அப்போது பூங்கொத்தோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்தார். ஜோன். எண்பதைத் தாண்டியவர். கல்லில் ஏழாவது பெயர் அவருடைய அப்பா. அப்பா போருக்குப் போனபின் பிறந்த பிள்ளை, முகமே பார்த்ததில்லை. நான் தடுப்பதற்குள் குகன் கேட்டேவிட்டார் — உங்கள் அப்பாவுக்கு என்ன சாப்பாடு விருப்பம்?

எனக்கு மண்ணுக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது.

ஜோன் கோபிக்கவில்லை. தெரியாது என்றார். அம்மா அவரைப் பற்றி வாயே திறக்கமாட்டாராம். இதுகூடத் தெரியாத மகளாக இருக்கிறேனே என்று கண் கலங்கினார். பிறகு மெல்ல... அம்மா வருடத்தில் ஒரே ஒரு நாள், அக்டோபரில், பிரெட் புடிங் செய்வாராம். ஒரு வாய்கூடத் தொடமாட்டாராம். தனக்குப் பிடிக்காததை ஏன் செய்கிறார் என்று சின்ன வயதில் ஜோன் சலித்துக்கொண்டதுண்டாம்.

ஜோன் கல்லில் இருந்த அக்டோபர் தேதியையே பார்த்தார்.

"அது அப்பாவுக்கு" என்றார், ஆங்கிலத்தில், மிக மெதுவாக.

அந்த வீட்டிலும் வருடா வருடம் திவசம் நடந்திருக்கிறது — அப்படி ஒரு சொல் இருப்பது தெரியாமலே!

போன ஞாயிறு மூவரும் மறுபடி போனோம். இலையில் பிரெட் புடிங். குகனின் மனைவி ஏலக்காய் போட்டிருந்தார். ஜோன் முதல் துண்டை அப்பாவுக்கு வைத்தார். அம்மா ஒருநாளும் தொடாத அந்த இனிப்பின் இரண்டாவது துண்டைத் தானே எடுத்துச் சாப்பிட்டார். எனக்குச் சர்க்கரை நோய், அதனால் அரைத் துண்டு.

ஒருவருக்குப் படைத்தாயிற்று. மீதிப் பதினெட்டுப் பேருக்கு என்ன பிடிக்கும்... யாரிடம் போய்க் கேட்பேன்?